உங்களுக்குத் தெரியுமா? ஆடிய கால்கள், தேடிய கண்கள்!

ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவர்களை உலகமே கொண்டாடும். ஆடி முடித்து, மட்டையைக் கீழே வைத்து, அடுத்த நட்சத்திரத்தைத் தேடிக் கிளம்பிய 'ஸ்கவுட்'களை? நாங்கள் தேடிப் பிடித்திருக்கிறோம். ஒவ்வொன்றும் வெடி! படியுங்கள்.

7 கொடுத்தது 1,148!

ஜெரி மெக்னமாரா. டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கோலி, அதாவது கோல் காவலர். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் அவர் ஆடிய மொத்த ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? வெறும் 7!

அதே மெக்னமாரா பிறகு ஸ்கவுட் ஆனார். 1972-73 குளிர்காலத்தில் சுவீடனுக்குப் போனார். பார்க்கப் போனது ஒரு கோலியை. அந்தக் கோலிக்கோ காயம்! சரி, வந்ததற்கு வேறு ஆட்டம் ஒன்றையாவது பார்ப்போம் என்று போய் உட்கார்ந்தார். அங்கே கிடைத்தது ஒன்றல்ல, இரண்டு வைரம்!

முதல் வைரம் இங்கே ஹாமர்ஸ்ட்ரோம். சுவீடனின் பிரைனாஸ் அணிக்காக அன்று ஆடினார். கனடாவிலிருந்து வந்த அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல்!

இரண்டாவது வைரம் போர்யே சால்மிங். நடுவரிடம் மோதி, ஆட்டத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். வேறு யாராக இருந்தாலும் பெயரை அடித்திருப்பார்கள். மெக்னமாரா என்ன செய்தார் தெரியுமா? நேராக உடை மாற்றும் அறைக்கே போய், "டொரண்டோவுக்கு ஆட வருகிறாயா?" என்று கேட்டுவிட்டார்!

வெளியேற்றப்பட்ட அந்த சால்மிங் என்.எச்.எல்.லில் ஆடியது 1,148 ஆட்டங்கள். 1996-ல் ஹாக்கியின் புகழ் மன்றத்தில் இடம். அந்த மன்றத்தில் நுழைந்த முதல் சுவீடன்காரர் இவர்தான்!

மெக்னமாரா அதோடு நிற்கவில்லை. 1982-ல் டொரண்டோ அணியின் பொது மேலாளர் நாற்காலியே அவருக்குக் கிடைத்தது!

முட்டைக் கேலி!

இப்போது ஹாமர்ஸ்ட்ரோம் பக்கம் வாருங்கள். 1948-ல் சுண்ட்ஸ்வால் நகரில் பிறந்தவர். 1972-ல் ஜப்பானின் சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் சுவீடனுக்காக ஆடியவர். அவருடைய பிரைனாஸ் அணி 1970, 1971, 1972 என்று தொடர்ந்து மூன்று முறை சுவீடன் சாம்பியன்!

1973 அக்டோபர் 10. டொரண்டோவில் சால்மிங்கும் ஹாமர்ஸ்ட்ரோமும் ஒரே நாளில் களமிறங்கினார்கள். எதிரணி பஃபலோ. டொரண்டோவுக்கு வெற்றி!

சுவீடன்காரர்கள் அடிதடிக்குப் பயந்தவர்கள் என்று அப்போது வட அமெரிக்காவில் ஒரு பேச்சு. டொரண்டோ அணியின் சொந்த முதலாளி ஹெரால்ட் பல்லார்டே என்ன சொன்னார் தெரியுமா? பையில் ஆறு முட்டையைப் போட்டு ஹாமர்ஸ்ட்ரோமை அடிதடி நடக்கும் ஆடுகள மூலைக்கு அனுப்பினாலும் ஒரு முட்டைகூட உடையாதாம்! சொந்த ஆட்டக்காரரைப் பற்றி முதலாளியே பேசிய பேச்சு இது!

முட்டை உடைந்ததோ இல்லையோ, கோல் விழுந்தது. டொரண்டோவில் முழுதாக ஆடிய நான்கு சீசன்களில் 20, 21, 19, 24!

பிறகு செயின்ட் லூயிஸ் புளூஸ். மொத்தக் கணக்கைப் பாருங்கள்: 427 ஆட்டங்கள், 116 கோல்கள், 239 புள்ளிகள் (கோலுக்கும் கோல் அடிக்க உதவியதற்கும் தலா ஒன்று)!

1979-ல் ஊர் திரும்பினார். பழைய பிரைனாஸ் அணியிலேயே மறுபடி சேர்ந்தார். மறு வருடமே, 1980-ல், பிரைனாஸ் மீண்டும் சாம்பியன்!

அடித்த ஊருக்கே ஸ்கவுட்!

ஹாமர்ஸ்ட்ரோமும் சால்மிங்கும் என்.எச்.எல்.லில் ஆடிய இரண்டாவது ஆட்டம் எங்கே தெரியுமா? பிலடெல்பியாவில். எதிராளியை அடித்துத் துவைப்பதற்கென்றே பெயர் வாங்கிய ஃபிளையர்ஸ் அணியோடு!

பிற்காலத்தில் ஹாமர்ஸ்ட்ரோம் எந்த அணிக்கு ஸ்கவுட் ஆனார்? அதே பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்கு! நம்ப முடிகிறதா?

1991 ஜூன். டிராஃப்ட் நாள். 18 வயதை நெருங்கும் பையன்களை அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள். இங்கே ஏலம் கிடையாது, வரிசைதான். ஆறாவது முறை ஃபிளையர்ஸுக்கு. ஹாமர்ஸ்ட்ரோம் அடித்துச் சொன்ன பெயர்: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். வயது 17!

எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். ஏன் தெரியுமா? ஹாக்கி உலகின் முன்னணி வார இதழ் அந்தப் பையனை வைத்திருந்த இடம் 25!

அந்த 25-வது இடத்துப் பையன் என்ன செய்தான்? 1993 உலக ஜூனியர் போட்டியில் 7 ஆட்டங்களில் 31 புள்ளிகள். சாதனை!

1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். கனடாவுக்கு எதிராக ஃபோர்ஸ்பெர்க் ஒரு கையால் தட்டிவிட்ட பக் (பந்துக்குப் பதிலான வட்டு). ஐஸ் ஹாக்கியில் சுவீடனுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்!

அந்த கோலை சுவீடன் தபால் தலையாகவே வெளியிட்டது. கனடா கோலி தன் உருவத்தைப் போடச் சம்மதிக்கவில்லை. அதனால் தபால் தலையில் கோலியின் சட்டை நிறத்தையே மாற்றிவிட்டார்கள்!

ஃபோர்ஸ்பெர்க் என்.எச்.எல்.லில் குவித்தது 708 ஆட்டங்களில் 885 புள்ளிகள். கொலராடோ அணியோடு 1996, 2001 என லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைகள் இரண்டு. 2003-ல் லீக்கின் தலைசிறந்த வீரர். 2014-ல் புகழ் மன்றம்!

ஒருவருக்கு 6 பேர்!

இவ்வளவு பெரிய புதையல் ஃபிளையர்ஸ் கையில் இருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? 1992-ல் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்!

எரிக் லிண்ட்ராஸ் என்ற ஒரே ஒருவருக்காக கியூபெக் அணிக்கு (பின்னாளில் கொலராடோ ஆனது அதுதான்) போனது: ஃபோர்ஸ்பெர்க்கையும் சேர்த்து 6 வீரர்கள், டிராஃப்ட்டில் முதல் சுற்று வாய்ப்புகள் 2, மேலே ஒன்றரைக் கோடி டாலர்!

அதைவிட ஆச்சரியம். அதே லிண்ட்ராஸை கியூபெக் அணி நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் விற்றுவிட்டது! இரண்டு அணிகளுக்கும் ஒரே ஆள். கடைசியில் நடுவர் ஒருவர் விசாரித்துத்தான் லிண்ட்ராஸ் பிலடெல்பியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது!

அந்த 6 பேரில் ஒருவர் கோலி ரான் ஹெக்ஸ்டால். 1987 டிசம்பர் 8-ல் கோலியாக நின்றபடியே பக்கை அடித்து எதிரணி வலைக்குள் அனுப்பியவர். என்.எச்.எல். வரலாற்றில் இப்படி அடித்து கோல் போட்ட முதல் கோலி!

ஹெக்ஸ்டால் 1999-ல் ஓய்வு பெற்றதும் என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? ஸ்கவுட்! பிறகு படிப்படியாக ஏறி, 2014-ல் ஃபிளையர்ஸின் பொது மேலாளர்!

இதயம் நின்று போகப் பார்த்தது, கண் நிற்கவில்லை!

ஃபிளையர்ஸுக்கு ஹாமர்ஸ்ட்ரோமுக்கும் முன்னால் ஒரு கில்லாடி இருந்தார். ஜெரி மெல்னிக். எட்மன்டன்காரர். டெட்ராய்ட், சிகாகோ, செயின்ட் லூயிஸ் என மூன்று அணிகளில் ஆடியவர்.

1968-ல் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். பயிற்சி முகாமிலேயே மாரடைப்பு. ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. ஃபிளையர்ஸ் அவரைக் கைவிடவில்லை. ஸ்கவுட் ஆக்கிவிட்டது!

மறு வருடம் 1969. கனடாவின் ஃபிளின் ஃபிளான் என்ற சுரங்க ஊரில் பல் போன ஒரு பையன். பெயர் பாபி கிளார்க். ஆட்டம் பிரமாதம். உடம்பில் சர்க்கரை நோய்! தொடவே அணிகள் பயந்தன.

ஃபிளையர்ஸும் முதல் முறை பயந்தது. டிராஃப்ட்டின் ஆறாவது இடத்தில் வேறு ஒருவரை எடுத்தது. அந்த வேறு ஒருவர் என்.எச்.எல்.லில் ஆடிய ஆட்டங்கள்? பூஜ்யம்!

மெல்னிக் விடவில்லை. "அந்தப் பையனை எடுங்கள்" என்று ஒரே பிடியாக நின்றார். 17-வது இடத்தில் கிளார்க் ஃபிளையர்ஸுக்கு!

பிறகு நடந்தது வரலாறு. 1,144 ஆட்டங்கள். 1,210 புள்ளிகள். லீக்கின் தலைசிறந்த வீரர் விருது மூன்று முறை. 1974, 1975 என அடுத்தடுத்து இரண்டு ஸ்டான்லி கோப்பைகளைத் தூக்கிய அணித்தலைவர்!

1973-ல் ஹாமர்ஸ்ட்ரோம் பிலடெல்பியாவுக்கு ஆட வந்தபோது எதிரணித் தலைவர் யார் தெரியுமா? இதே பாபி கிளார்க்! ஒரு ஸ்கவுட் கண்டெடுத்தவர் தலைமையில் ஓர் அணி. எதிரே இன்னொரு ஸ்கவுட் கண்டெடுத்தவர். அவரும் நாளைய ஸ்கவுட்!

இன்னும் சில தங்கத் துளிகள்!

சுவீடனில் ஆடப் பழகி என்.எச்.எல்.லில் ஆடிய முதல் ஆட்டக்காரர் உல்ஃப் ஸ்டெர்னர். 1965-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில். எத்தனை ஆட்டம்? நாலே நாலு!

தோமி பெர்க்மன், சால்மிங்குக்கு ஒரு வருடம் முன்னாலேயே, 1972-ல் டெட்ராய்டில் ஆடிய சுவீடன்காரர். பிற்காலத்தில் ஸ்கவுட் ஆனார். எந்த அணிக்கு? டொரண்டோவுக்கு!

லார்ஸ்-எரிக் ஷோபெர்க், ஐரோப்பாவில் ஆடப் பழகி என்.எச்.எல். அணி ஒன்றுக்குத் தலைவரான முதல் மனிதர். 1979-80, வின்னிபெக் ஜெட்ஸ். ஓய்வுக்குப் பிறகு? நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஸ்கவுட்!

வட அமெரிக்க ஆடுகளத்தின் அகலம் சுமார் 26 மீட்டர். ஐரோப்பாவில் 30 மீட்டர் வரை! அந்த நாலு மீட்டர் குறைந்தால் இந்தப் பையன் தாக்குப்பிடிப்பானா? சுவீடன் அரங்கில் உட்கார்ந்துகொண்டு ஸ்கவுட் போட வேண்டிய கணக்கு இது!

நல்ல ஸ்கவுட் பக்கின் பின்னால் கண்ணை ஓட்ட மாட்டார். பக் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பார்! கோல் வாங்கியபின் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூட அவர் குறிப்பேட்டில் ஏறும்!

1963-ல் மான்ட்ரியலில் நடந்த முதல் டிராஃப்ட்டில் தேர்வானவர்கள் 21 பேர். இன்று? 7 சுற்றுகள், 32 அணிகள், 224 இடங்கள்!

1961-ல் கனடாவின் கனனோக்வே ஊருக்கு பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் பெரிய தலைகள் போனார்கள். பார்க்கப் போனது வேறு இரண்டு பையன்களை. கண்ணில் பட்டது களத்தில் சுழன்ற ஒரு பொடியன். பெயர் பாபி ஓர்!

பொடியனை 14 வயதில் ஒப்பந்தம் செய்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது தெரியுமா? வீட்டு வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை! அந்தப் பொடியன் ஹாக்கி உலகின் மாபெரும் தடுப்பாட்டக்காரன் ஆனான்.

கண்ணுக்குத் தப்பியவர்கள்!

வெய்ன் கிரெட்ஸ்கி. ஹாக்கியின் முடிசூடா மன்னன். என்.எச்.எல். டிராஃப்ட்டில் அவரைத் தேர்ந்தெடுத்த அணி எது? எதுவுமே இல்லை! வேறு லீக் வழியாக உள்ளே வந்தவர் அவர்.

மார்ட்டின் செயின்ட் லூயி. ஆள் குள்ளம் என்று ஒரு அணியும் டிராஃப்ட்டில் தொடவில்லை. 2004-ல் லீக்கில் அதிகப் புள்ளிகள் அவருக்கே, தலைசிறந்த வீரர் விருதும் அவருக்கே, ஸ்டான்லி கோப்பையும் அவருக்கே!

ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். 2000-ல் 205-வது ஆளாகத் தேர்வு. அதாவது, அவருக்கு முன்னால் 204 பெயர்கள்! கோலியாக அவர் வென்று தந்த ஆட்டங்கள் 459!

இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் ஒரு செய்தி. 1974-ல் பஃபலோ அணி 183-வது இடத்தில் ஜப்பானிலிருந்து டாரோ சுஜிமோட்டோ என்ற வீரரைத் தேர்ந்தெடுத்தது. மற்ற அணிகளின் ஸ்கவுட்கள் குழம்பிப் போனார்கள். யாருமே பார்த்திராத வீரர்! எப்படிப் பார்த்திருக்க முடியும்? அப்படி ஒரு ஆளே கிடையாது! பஃபலோ மேலாளர் பஞ்ச் இம்லாக் விளையாட்டுக்குக் கட்டிவிட்ட பெயர் அது!

ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே மாதம்!

சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக். வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஃபோர்ஸ்பெர்க்கின் ஊர். 1973 ஜூலை 20-ல் பிறந்தார். அதே ஊர்க்காரர் மார்க்கஸ் நாஸ்லுண்ட். அவர் பிறந்தது ஜூலை 30. பத்தே நாள் வித்தியாசம்!

1991 டிராஃப்ட்டில் ஃபோர்ஸ்பெர்க் ஆறாவது, நாஸ்லுண்ட் பதினாறாவது. ஒரே ஊர்ப் பையன்கள் இருவர், ஒரே முதல் சுற்றில்!

அந்த ஊரின் மோடோ அணியில் இளவயதில் ஆடிய இன்னொருவர்தான் நம் பட்டியலின் மகுடம். தோமஸ் கிராடின்!

மகுடம் இங்கே!

கிராடின் 1956-ல் சொலெஃப்டியோவில் பிறந்தவர். 1976-ல் சிகாகோ அணி அவரை 45-வதாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆட வைக்காமல் 1978-ல் வான்கூவர் கனக்ஸுக்கு உரிமையைக் கொடுத்துவிட்டது. விலை? ஒரே ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்பு!

1981-82 சீசனில் கிராடின் 37 கோல், 86 புள்ளி. அணியிலேயே முதலிடம்!

அந்த சீசனில் கனக்ஸ் வென்றது 30, தோற்றது 33. வெற்றியைவிடத் தோல்வி அதிகம்! ஆனாலும் ஸ்டான்லி கோப்பை இறுதிவரை போனார்கள். கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றின் 17 ஆட்டங்களில் கிராடின் எடுத்தது 19 புள்ளி!

வான்கூவருக்காக 613 ஆட்டங்களில் 550 புள்ளிகள். கடைசி சீசனை பாஸ்டனில் ஆடினார். மொத்தம் 677 ஆட்டம், 593 புள்ளி. பிறகு சுவீடன் திரும்பி ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே. அணியில் ஆடி முடித்தார்.

1990-களில் மறுபடி கனக்ஸ் குடும்பத்தில். இம்முறை ஸ்கவுட்டாக! 2011-ல் அந்த அணி தன் அரங்கின் கௌரவ வளையத்தில் கிராடின் பெயரைப் பொறித்தது!

இரட்டையருக்காக ஒரு சூதாட்டம்!

டேனியல் செடின், ஹென்ரிக் செடின். இரட்டையர். ஊர்? அதே ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்! அணி? அதே மோடோ! ஹென்ரிக் 6 நிமிடம் மூத்தவர்.

இவர்களைக் கனக்ஸுக்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக் கவனித்தவர் கிராடின். பிரிக்காமல் இருவரையும் எடுக்க வேண்டும். டிராஃப்ட்டில் கையில் இருந்ததோ ஒரே இடம், மூன்றாவது!

பொது மேலாளர் பிரையன் பர்க் களத்தில் குதித்தார். சிகாகோவிடம் பேசி நான்காவது இடத்தை வாங்கினார். அதை டாம்பாவிடம் கொடுத்து முதலிடத்தை வாங்கினார். அந்த முதலிடத்தை அட்லாண்டாவிடம் கொடுத்து இரண்டாவது இடத்தை வாங்கினார். கடைசியில் கையில் 2, 3. இருவரும் ஒரே அணி!

டேனியல் இரண்டாவதாகத் தேர்வு, சட்டை எண் 22. ஹென்ரிக் மூன்றாவதாகத் தேர்வு, சட்டை எண் 33!

2010-ல் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஹென்ரிக்: 112. மறு வருடம் அதிகப் புள்ளி எடுத்தவர் யார்? தம்பி டேனியல்: 104!

அண்ணன் மொத்தம் 1,070. தம்பி மொத்தம் 1,041. இருவரும் 2022-ல் ஒன்றாகவே புகழ் மன்றத்தில்!

அவர்களுக்கு முன்னால் முதலாவதாகத் தேர்வானவர் பாட்ரிக் ஸ்டெஃபன். அவருடைய மொத்தப் புள்ளிகள்? 188!

யாரும் பார்க்காத பையன்!

கடைசியாக, எங்களுக்கே மிகவும் பிடித்தது. 2004. சுவீடனின் மூன்றாம் நிலை லீக்கில் ஒரு தடுப்பாட்டக்காரன். ஊர் ஓஸ்டர்சுண்ட். பெயர் அலெக்சாண்டர் எட்லர். மூன்றாம் நிலை ஆட்டத்தைப் பார்க்க எந்த ஸ்கவுட் போவார்? கிராடின் போனார்!

இன்னொருவர் கண்ணிலும் பையன் பட்டிருந்தான். டெட்ராய்ட் ஸ்கவுட் ஹாக்கன் ஆண்டர்சன். முன்னாள் மீன்பிடி வழிகாட்டி! 171-வது இடத்தில் பாவெல் டாட்சியூக், 210-வது இடத்தில் ஹென்ரிக் செட்டர்பெர்க் என்று புதையல்களை அள்ளிய கை அது!

டெட்ராய்டின் முறை 97-வது. அதற்கு முன்னால் முந்த வேண்டும். டல்லஸ் அணியிடமிருந்து 91-வது இடத்தை கனக்ஸ் வாங்கியது. எட்லரை எடுத்தது. ஆறே ஆறு இடத்தில் டெட்ராய்டைத் தாண்டிய பாய்ச்சல்!

யாருக்கும் தெரியாத அந்தப் பையன் கனக்ஸ் சட்டையில் ஆடியது 814 ஆட்டங்கள்!

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கிராடின் தானே ஆடிச் சேர்த்தது 593 புள்ளிகள். அவர் தேடித் தந்த இரட்டையர் சேர்த்தது 2,111! இனி எந்த நட்சத்திரத்தைப் பார்த்துக் கைதட்டினாலும், 'இவரை முதலில் கண்டுபிடித்தது யார்?' என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். அந்தப் பெயருக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!